கூட்டத்துக்கு வராதவர்களா, கூப்பிடப்படாதவர்களா?

கிராமப் பள்ளிகளைச் சீர்திருத்தும் வேலையில் பெற்றோருக்கு இடமில்லை என்று சென்ற இதழில் எழுதியிருக்கும் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரிக்கு முதலில் நன்றி. பலர் டீக்கடையில் மட்டும் பேசுவதை அவர் அச்சில் பேசிவிட்டார். கூலிக்குப் போகிறவர்களுக்குப் பள்ளி நிர்வாகம் புரியாது. கூட்டம் போட்டால் வருவதில்லை, வந்தால் வாய் திறப்பதில்லை, திறந்தால் சாதியும் கட்சியும்தான். ஆகவே பள்ளி மேலாண்மைக் குழு பேருக்கு இருக்கட்டும், முடிவெடுப்பதை அதிகாரிகளும் வல்லுநர்களும் பார்த்துக்கொள்ளட்டும். இதுதான் அவர் வாதம். பெற்றோருக்குச் சேதி சொல்ல ஒரு வாட்ஸ்அப் குழு போதுமாம்.

வருவதில்லை என்பதிலிருந்தே தொடங்குவோம். கூட்டம் வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் ஒரு பிள்ளையின் அம்மா களை எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது நூறு நாள் வேலையில் இருப்பார், அல்லது மில்லில் ஷிஃப்டில் நிற்பார். அழைப்பு எப்படிப் போகிறது? ‘அம்மாவை நாளைக்கு வரச் சொன்னாங்க, கையெழுத்துப் போடணுமாம்’ என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை வந்து சொல்லும். எதற்குக் கூட்டம், என்ன பேசப்போகிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. போனால் தீர்மான நோட்டில் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ வரை எழுதி முடித்து, பெயருக்கு எதிரே பேனாவால் புள்ளி வைத்திருப்பார்கள். கூட்டத்துக்கு வரும் அதிகாரிக்குப் பயணப்படி உண்டு. அந்த அம்மாவுக்கு அரைநாள் கூலி போகும். இதையும் மீறி அவர் ஒருமுறை வந்து, இரண்டாம் முறை வராமல் போனால் அதன் பெயர் அக்கறையின்மை இல்லை. அவர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்.

கட்டுரையாளர் தம் பணிக்காலம் முழுக்கச் சட்டப் புத்தகத்தோடு வாழ்ந்தவர். அதனால் அவர் எதை மறந்தார் என்பதைவிட எதைத் தவிர்த்தார் என்பதுதான் கவனிக்கத் தக்கது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவின்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. அந்தத் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசு நிதி தர வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களை மாற்றியமைத்தபோது 20 உறுப்பினர்கள், பிள்ளையை அந்தப் பள்ளியில் படிக்க வைக்கும் தாய் ஒருவர் தலைவர் என்று வைத்தார்கள். ஆக, பெற்றோருக்கு இடம் கொடுக்கலாமா கூடாதா என்பது இப்போது விவாதமே இல்லை. கொடுத்தாயிற்று. கொடுத்ததை நடத்திக்காட்டாத அலுவலகம், நடக்கவில்லை பாருங்கள் என்று பெற்றோரைக் கைகாட்டுகிறது.

படிக்காதவர்களுக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு ராஜஸ்தான் 1994-லேயே பதில் சொல்லிவிட்டது. பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற மக்கள் அமைப்பு அந்த டிசம்பரில் மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. அரசு வேலைகளின் பில்லையும் கூலிப் பட்டியலையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள் எந்த வேலை நடந்தது, எது காகிதத்தில் மட்டும் நடந்தது என்று எழுந்து நின்று சொன்னார்கள். அங்கிருந்து கிளம்பிய போராட்டம்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து சேர்ந்தது. கணக்கை ஒளித்து வைத்துக்கொண்டு, கணக்குப் புரியாதவர்கள் என்று பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருகிறார், நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பத்தி வாசிக்க வருகிறதா? இவற்றைக் கவனிக்கப் பட்டம் வேண்டியதில்லை. வட்டார அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரை விடப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டு ஆயாவுக்கு இது நன்றாகத் தெரியும்.

இனி கட்டுரையாளரின் பிரம்மாஸ்திரம். உத்தரப்பிரதேசம் ஜௌன்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து நடத்திய ஆய்வை அவர் எடுத்துப் போடுகிறார். பள்ளியைக் கவனிக்க அங்கே இருந்த கிராமக் கல்விக் குழு பற்றி ஊர்க்கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பெற்றோர் பங்கேற்பில் மாற்றம் வரவில்லை. உண்மைதான். ஆனால் அவர் பாதி ஆய்வோடு புத்தகத்தை மூடிவிட்டார்.

அதே ஆய்வு தொடக்கத்தில் என்ன கண்டது? பெற்றோரில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியவில்லை. குழு உறுப்பினர்களிலேயே சுமார் நான்கில் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியாது. உறுப்பினருக்கே சொல்லாமல் குழு அமைத்தவர் யார், கூலிக்காரரா? அடுத்தது இன்னும் முக்கியம். ஆய்வின் மூன்றாவது பிரிவுக் கிராமங்களில் தன்னார்வலர்களுக்கு ஓர் எளிய வாசிப்புப் பயிற்சி முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊர் இளைஞர்கள் முன்வந்தார்கள், பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு நடத்தினார்கள், வந்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. அதாவது மேலே மனுக் கொடு, பதிலுக்குக் காத்திரு என்று சொன்ன இடத்தில் ஊர் நகரவில்லை. கையில் ஒரு வேலையும் அதைச் செய்யும் வழியும் கொடுத்த இடத்தில் நகர்ந்தது. இதைப் படித்துவிட்டு, மக்களுக்கு அக்கறை கிடையாது என்று முடிவுகட்ட அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

அவர் தொடாத இன்னோர் ஆய்வும் இருக்கிறது. மத்தியப்பிரதேசம், உத்தரப்பிரதேசம், கர்நாடகம் மூன்றிலும் சிறு படம், சுவரொட்டி, நாட்காட்டி வழியாகப் பெற்றோருக்கு அவர்கள் உரிமைகளைச் சொன்னார்கள். ஒருமுறை சொல்லிவிட்டுப் போகாமல் திரும்பத் திரும்ப வந்து கூட்டம் போட்டுச் சொன்னார்கள். இரண்டு வட மாநிலங்களிலும் ஆசிரியர்களின் உழைப்பு கூடியது. படிப்பில் ஏற்றம் சிறிதுதான், பெரிதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எப்படிச் சொல்கிறோம், எத்தனை முறை சொல்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

காமராசர் காலத்தில் அதிகாரிகள்தானே சாதித்தார்கள் என்று அவர் பெருமூச்சு விடும் பகுதியில் எனக்குச் சிரிப்பு வந்தது. மதிய உணவு 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது ஊர்க்காரர்களின் நன்கொடையில்தான் தொடங்கியது. அரசுப் பணம் பின்னால்தான் வந்தது. நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டினார்கள், பெஞ்சும் கடிகாரமும் வாங்கிக் கொடுத்தார்கள். அவரும் அதிகாரிதான். ஊருக்கு முன்னால் போய் நின்று கேட்கக் கூச்சப்படாத அதிகாரி. கொடுக்கும்போது ஊர் வேண்டும், கேள்வி கேட்கும்போது வேண்டாம் என்ற புத்தி அவருக்குப் பின்னால் வந்தவர்களுடையது.

சாதி விஷயத்தில் கட்டுரையாளர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஊர் என்றால் சேரியும் சேர்ந்ததுதான் என்று ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. குழுவை ஆதிக்கச் சாதியின் வீட்டுத் திண்ணையாக்கிய ஊர்கள் உண்டு. ஆனால் மருந்தாக அவர் நீட்டுவது அதிகாரிகளை! 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அலுவலகம் என்ன செய்தது? சமையலரை இடமாற்றம் செய்தது. வெளியிலிருந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்த ஆணை ரத்தானது. 2023-இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுக்கு இதே தகராறு எழுந்தபோது ஆட்சியர் நேரே பள்ளிக்குப் போய்க் கண்டித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஆட்சியரின் மனசாட்சியை நம்பி இத்தனை ஆயிரம் பள்ளிகளை விட முடியாது. நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான். அந்த இடத்தை உண்மையில் நிரப்புவதும், அதில் உட்காரும் அம்மா பேசும்போது அடுத்தவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் அலுவலகத்தின் வேலை. குழுவை முடக்கினால் திண்ணைக்காரர் தலைமையாசிரியரிடம் தனியாகப் பேசிக்கொள்வார். குரல் போவது அந்த அம்மாவுக்கு மட்டும்தான்.

வாட்ஸ்அப் குழு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று பூட்டி வைத்த குழு பஞ்சாயத்து ஒலிபெருக்கிக்கு ஒரு படி கீழே. ஒலிபெருக்கிக்காவது செல்போன் வேண்டாம்.

ஆசிரியர் மேல் எல்லாவற்றையும் ஏற்றுவதும் என் நோக்கம் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் புள்ளிவிவரம் ஏற்றிக்கொண்டிருக்க, மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார். குழு தீர்மானம் போட்டுச் செயலியில் ஏற்றுகிறது. சுற்றுச்சுவர், ஆசிரியர் காலியிடம், குடிநீர்த் தொட்டி. அடுத்த மாதமும் அதே தீர்மானம். மேலிருந்து பதில் வராதபோது பெற்றோர் கேட்பது தலைமையாசிரியரை; அவர் கையை விரிக்கிறார். மூன்றாம் மாதம் கூட்டம் காலி. இந்த இடத்தில் உடைவது பெற்றோரின் அறிவு அல்ல, அலுவலகத்தின் பதில்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியர் கடமைகளில் ஒன்றாகச் சொல்வது இது: பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். பெற்றோரோடு பேசுவது அதிகாரிகள் போடும் பிச்சை இல்லை, சம்பளம் வாங்கும் வேலையின் ஒரு பகுதி. அதைச் செய்ய நேரம் ஒதுக்கிக்கொடுப்பது துறையின் பொறுப்பு.

துறைக்கு என் கோரிக்கை நான்குதான். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். மானியக் கணக்கைப் பள்ளிச் சுவரில் எழுதுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒரு மாதத்துக்குள், முடியாது என்றாலும் சரி, எழுத்தில் பதில் கொடுங்கள். கிராம சபையில் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைப் படித்துக்காட்டுங்கள். இதை ஓர் ஆண்டு செய்த பிறகும் பெற்றோர் வரவில்லை என்றால் கட்டுரையாளர் தம் கட்டுரையை மறுபடி அச்சிடலாம்.

வாசகர்களில் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டு உங்கள் முன்னால் வரும்போது, முழுசாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். படித்து முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.