ராத்திரி தூங்காத பிள்ளை

"பகலெல்லாம் ஒரே ஆட்டம். ராத்திரி பதினொன்றரைக்குத்தான் கண்ணை மூடறான். மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சிரிக்கறான். 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே'ன்னு மாமியார் சொல்றாங்க. நான் நிம்மதியாத் தூங்கி நாலு வருஷமாச்சு." ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

முதலில் அந்த மாமியாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, இது வளர்ப்புக் கோளாறே இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் தூக்கத் தொந்தரவு உண்டு; பெரியவர்களான பிறகும் பலருக்கு இருக்கிறது. இருட்டினதும் மூளையில் சுரந்து தூக்கத்தைக் கொண்டுவருகிற மெலடோனின் என்ற ஹார்மோன் இவர்களில் பலருக்குக் குறைவாக இருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. 1967-ல் அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர், தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசமே வருகிறது என்று புத்தகம் போட்டார். அது தப்பென்று எப்போதோ தள்ளியாகிவிட்டது. அங்கே பாசம் குறைந்ததாகப் பழி, இங்கே செல்லம் கூடினதாகப் பழி! எப்படியும் அம்மா தலையில்தான் விடிகிறது.

சரி, என்ன செய்யலாம்? மாத்திரைக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், எப்போது தூங்கினான், எத்தனை தடவை எழுந்தான், பகலில் தூங்கினானா, வெளிக்குப் போனானா என்று இரண்டு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளையை மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பல்வலி எதுவும் எழுப்பிவிடும். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா, ஓயாமல் காலை உதைக்கிறானா என்றும் கவனியுங்கள். இரும்புச் சத்து குறைந்தாலும் கால் குடையும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தூக்கத்தில் கை கால் வெட்டி இழுத்தால் தாமதிக்கவே கூடாது. வலிப்பு இவர்களுக்கு அதிகம்.

நமக்குக் காதிலேயே விழாத மின்விசிறிச் சத்தம் சில பிள்ளைகளுக்கு இடி மாதிரி. சட்டைக் காலரிலுள்ள லேபிள் உறுத்தும், புது விரிப்பு உறுத்தும். பழைய வேட்டியை மடித்து விரித்துப் பாருங்களேன். கனமான போர்வை என்று ஒன்று விற்கிறார்கள். இங்கிலாந்தில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்ததே தவிர தூக்கம் கூடவில்லை. எனக்கென்னவோ காசுக்குக் கேடு என்றே படுகிறது.

தினமும் ஒரே மாதிரி நடப்பது இவர்களில் பலருக்குப் பிடிக்கும். அது நமக்கு வசதி. சாப்பாடு, குளியல், பல் தேய்ப்பது, கதை, விளக்கணைப்பது என்று வரிசையாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். டி.வி.யும் செல்போனும் ஒரு மணி நேரம் முன்பே ஓய்வெடுக்கட்டும்.

இன்னொரு வழி, கேட்டால் விசித்திரமாக இருக்கும். பதினொன்றரைக்குத் தூங்குகிற பிள்ளையை ஒன்பதுக்கே படுக்க வைத்து மல்லுக்கட்டாதீர்கள். படுக்கை என்றாலே சண்டை என்று அவன் மனசில் பதிந்துவிடும். சில நாள் பதினொன்றரைக்கே படுக்க வையுங்கள். படுத்ததும் தூங்க ஆரம்பித்தால் பதினொன்றேகால், பிறகு பதினொன்று என்று கால் கால் மணியாக முன்னால் கொண்டு வாருங்கள். ஆனால் எப்போது தூங்கினாலும் காலையில் எழுப்பும் நேரம் மாறக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை உள்பட. முதல் வாரம் எல்லோருக்கும் கண் எரியும்தான்.

தூங்கட்டும் என்று இருமல் மருந்து ஊற்றுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். 2020-ல் அமெரிக்க நரம்பியல் டாக்டர்கள் வகுத்த முறையிலும் பழக்க வழக்கங்களைத் திருத்துவதுதான் முதலில். அது போதாவிட்டால் மெலடோனின். அதையும் அளவு தெரிந்த டாக்டர் எழுதித் தரட்டும், கடையில் நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது.

கடைசியாக அந்த வீட்டு அய்யாவுக்கு. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது உங்கள் முறையாக இருக்கட்டும். சகோதரி அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும். உங்கள் முறையன்று நீங்களே கேஸை மூடி, மாடிக் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுங்கள்.