"லைப் டைம் இலவசம்" என்றதும் மயங்காதீங்க! டி.வி. டப்பா வாங்கும் தொழிலாளிகள் உஷார்!

கும்மிடிப்பூண்டி,

சம்பளம் வாங்கிய மறுநாள் சாயந்தரம். சிப்காட்டில் முதல் ஷிப்டு முடிந்து தொழிலாளிகள் பஜாருக்கு வருகிறார்கள். எலக்ட்ரிக் கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது, செட்டாப் பாக்ஸ். பக்கத்திலேயே டிஷ்.

"அண்ணே, இதுக்கு மாசா மாசம் பணம் கட்டணுமா?"

"ஒரு பைசா வேணாம் தம்பி. லைப் டைம் இலவசம்!"

"தமிழ் சேனல் எல்லாம் வருமா?"

"எல்லாம் வரும். எடுத்துட்டுப் போ."

பணத்தை எண்ணிக் கொடுத்து டப்பாவை வாங்கிக்கொண்டு போகிறார், தொழிலாளி. வீட்டில் மாட்டிப் பார்த்தால் இந்தி சேனல் வரிசை கட்டி நிற்கிறது. தமிழ் சேனல்களை விரல் விட்டு எண்ணி விடலாம்.

"என்னங்க இது? சீரியல் ஒண்ணு கூட வரலியே!" என்கிறார், வீட்டுக்காரம்மா.

மறுநாள் கடைக்கு ஓடினால், "கவரைப் பிரிச்சாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்" என்று பதில்!

இப்படிப்பட்ட பேச்சு கும்மிடிப்பூண்டியில் மட்டும் அல்ல. கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர், காக்களூர் என்று தொழிலாளி குடியிருக்கும் இடமெல்லாம் சகஜம். போகிற பணம் ஆயிரமோ, ரெண்டாயிரமோதானே என்று சிலர் நினைக்கலாம். தினக்கூலிக்கு அது மூன்று, நாலு நாள் வேர்வை!

இலவச டப்பா வேறு! இலவச படம் வேறு!

குழப்பத்துக்கு காரணம் "இலவசம்" என்கிற ஒரே சொல்தான்.

தமிழ்நாட்டில் இலவச டப்பா உண்டு. அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2007-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் கட்டணத்தில் மறுபடியும் சேவையை ஆரம்பித்தது. 2017 செப்டம்பர் 1-ந் தேதி முதல் வாடிக்கையாளர்களுக்கு செட்டாப் பாக்சை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. டப்பா இலவசம். ஆனால், படத்துக்கு மாதா மாதம் கட்டணம் உண்டு. டப்பா நிறுவனத்துக்கு சொந்தம். இணைப்பை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் "டிடி ப்ரீ டிஷ்." 2004 டிசம்பரில் "டிடி டைரக்ட் பிளஸ்" என்ற பெயரில் 33 சேனலோடு தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இருக்கிறது. இதில் டப்பாவையும் டிஷ்சையும் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரே தடவை செலவு. எல்லாம் சேர்த்து சுமார் 2 ஆயிரம் ரூபாய் ஆகலாம். அதற்கு அப்புறம் படம் இலவசம். மாத கட்டணம் கிடையாது. ரீசார்ஜ் கிடையாது.

ஆக, ஒன்றில் டப்பா ஓசி, படத்துக்கு காசு. மற்றதில் டப்பாவுக்கு காசு, படம் ஓசி. இரண்டையும் ஒன்றாகப் போட்டு "எல்லாமே ஓசி" என்று விற்கிறவன், தலையில் மிளகாய் அரைக்கிறான் என்று அர்த்தம்.

யாருக்கு எது லாபம்?

கணக்கு போட்டுப் பாருங்கள். கேபிளுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 2 ஆயிரத்து 400 ரூபாய். ப்ரீ டிஷ் வாங்கிய பணம் ஒரே வருடத்தில் திரும்பி விடும். அதற்குப் பிறகு எல்லாம் மிச்சம்தான்.

ஆனால், வீட்டில் எல்லோரும் பார்ப்பது தனியார் தமிழ் சேனல்களின் சீரியலும் சினிமாவும் என்றால், இந்த மிச்சம் கைக்கு எட்டாது. ப்ரீ டிஷ்சில் டிடி தமிழ் வரும். 2024 ஜனவரி வரை "பொதிகை" என்று இருந்ததே, அதுதான். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்து வருகின்றன. ஏல காலம் முடிந்ததும் பட்டியல் மாறும். இன்று வருகிற சேனல் அடுத்த வருடம் இல்லாமல் போகலாம். அப்புறம் கேபிளும் போட வேண்டி வரும். இரட்டைச் செலவு!

அதே சமயம், சிப்காட்டில் வேலை பார்க்கும் வடமாநில வாலிபர்களுக்கு இது ஜாக்பாட். பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் என்று அந்தந்த ஊர் தூர்தர்ஷன் சேனல் இதில் வருகிறது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கி இருந்தால், தலைக்கு 300, 400 ரூபாய் போட்டு வாங்கி விடலாம். ஆரம்பாக்கம், எளாவூர் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு சப்தகிரி, யாதகிரி சேனல்கள் உண்டு.

ஆக, "எந்த டப்பா மலிவு?" என்று கேட்பதற்கு முன்னால், "நம்ம வீட்டில் என்ன பார்க்கிறோம்?" என்று கேட்க வேண்டும். இது முதல் கேள்வி. இதைக் கேட்காமல் கடைக்குள் கால் வைக்கக் கூடாது.

பழைய டி.வி.க்கு பழைய ஓட்டை!

இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லா டி.வி.யும் புதுசு அல்ல. 2006 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கி அன்றைய தி.மு.க. அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டி.வி., சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அந்த டி.வி.யில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் சொருகும் ஓட்டைதான் உண்டு. புது டப்பாக்களில் சில, எச்.டி.எம்.ஐ. ஒயர் மட்டும் போடுகிற மாதிரி வருகின்றன. அதை வாங்கி வந்து பழைய டி.வி. முன்னால் உட்கார்ந்தால், சாவி ஒரு பக்கம் பூட்டு ஒரு பக்கம் கதைதான். இரண்டும் இருக்கிற டப்பாவாக வாங்கினால், நாளைக்கு டி.வி. மாற்றினாலும் உதவும்.

புது டி.வி. வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சில டி.வி.களில் சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கிறது. அவர்களுக்கு டிஷ் மட்டும் போதும். டப்பாவே தேவை இல்லை. டி.வி.யோடு வந்த புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்து விடும். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார்!

அடுத்தது, எம்பெக். டப்பா அட்டையில் "எம்பெக்-4" என்று போட்டிருக்க வேண்டும். "எம்பெக்-2" மட்டும் உள்ள டப்பா விலை குறைவு. ஆனால், எம்பெக்-4 முறையில் வரும் சேனல்கள் அதில் தெரியாது. 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் பாதி சேனலை விட்ட கதை ஆகி விடும்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்!

செட்டாப் பாக்ஸ், இந்திய தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய சாமான். "ஆர்" என்ற ஆங்கில எழுத்தும், அதன் பின்னால் 8 இலக்க எண்ணும் டப்பாவின் மீது இருக்க வேண்டும். அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், புகார் சொல்ல போன் நம்பர் எல்லாம் அட்டையில் அச்சாகி இருக்க வேண்டும். இது எதுவுமே இல்லாத மொட்டை அட்டை டப்பாவை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அடாப்டரையும் பாருங்கள். ராத்திரி பகல் பிளக்கிலேயே கிடப்பது அதுதான். மட்டமான அடாப்டர் சூடேறி உருகும். டப்பா போனால் பணம்தான் நஷ்டம். ஒற்றை அறை வீட்டில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

தனியார் டி.டி.எச். கம்பெனியின் பழைய டப்பா காயலான் கடையில் 100, 200-க்கு கிடைக்கும். "இதையே ப்ரீ டிஷ்சுக்கு மாத்தித் தர்றோம்" என்று சிலர் சொல்வார்கள். ஒரு கம்பெனி டப்பா பொதுவாக இன்னொரு கம்பெனிக்கு உதவாது. எந்த டப்பாவும் எந்த சேவைக்கும் உதவுகிற மாதிரி செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் டிராய் சிபாரிசு செய்தது. சிபாரிசோடு நிற்கிறது. ஆகவே, கடையிலேயே டி.வி.யில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஓடினால் பணம். ஓடாவிட்டால் வணக்கம்!

அக்னி மூலையில் வானம் தெரியுமா?

ப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 சாட்டிலைட்டில் இருந்து. திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், தலைக்கு மேலே கொஞ்சம் சாய்வாக நிற்கிறது. வாஸ்துக்காரர் சொல்லும் அக்னி மூலைதான். அந்தப் பக்கம் வேப்ப மரமோ, தண்ணீர் தொட்டியோ, பெரிய ஷெட்டோ மறைத்தால், என்ன விலை டப்பா வாங்கினாலும் படம் வராது. பணம் கொடுப்பதற்கு முன்னால் மொட்டை மாடிக்கு ஏறி அக்னி மூலையைப் பார்த்து விட வேண்டும்.

லைன் வீட்டில் குடி இருப்பவர்கள், மாடியில் டிஷ் வைக்க வீட்டுக்காரரிடம் முதலிலேயே அனுமதி கேட்பது நல்லது. டப்பா வாங்கின பிறகு "மாடியிலே ஓட்டை போடாதே" என்று அவர் சொன்னால் டிஷ் கட்டிலுக்கு அடியில் தூங்கும்.

2016 டிசம்பர் வார்தா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிக் காற்று அடிக்கும் ஊரில், நாலு செங்கல்லை அடுக்கி டிஷ்சை நிறுத்துவது ஆபத்து. போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பறந்து போய் தெருவில் போகிறவர் தலையில் விழுந்தால், அது டி.வி. செய்தி அல்ல, போலீஸ் கேஸ்!

கன மழை கொட்டும்போது டிஷ்சில் படம் உடைந்து நின்று விடும். பழவேற்காடு மீனவர்கள் புயல் சேதிக்கு டி.வி.யை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ரீசார்ஜ் கேட்டால் அது மோசடி!

"உங்க ப்ரீ டிஷ் நாளைக்கு கட் ஆகப் போகுது, 300 ரூபாய் அனுப்புங்க" என்று போன் வந்தால், சந்தேகமே வேண்டாம். பட்டை நாமம் போடப் பார்க்கிறார்கள். இதற்கு ரீசார்ஜே கிடையாது. யாருக்கும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. "காசு கட்டிப் பார்க்கிற சேனல் எல்லாம் இதில் ஓசி. இன்டர்நெட் மட்டும் கொடுத்தால் போதும்" என்று காதோடு காதாகச் சொல்லி விற்கும் டப்பா. இது திருட்டு ஒளிபரப்பு. எங்கோ இருந்து திருடி அனுப்புகிறவன் கடையைக் கட்டினால் டப்பா செங்கல்தான். திருடி விற்பவன் மாட்டினால் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பாயும். 6 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். விசாரணை வந்தால் வாங்கினவரும் ஸ்டேஷன் வாசலில் நிற்க நேரலாம். எதற்கு இந்த வம்பு?

பில் கேட்க கூச்சம் எதற்கு?

சென்னை ரிச்சி தெருவுக்கு ரெயில் ஏறிப் போய் வாங்கினாலும் சரி, உள்ளூர் பஜாரில் வாங்கினாலும் சரி, பில் இல்லாமல் வாங்கக் கூடாது. "பில் போட்டால் கூட ஆகும்" என்பார்கள். ஆகட்டும். பில்லில் டப்பாவின் பெயர், வாரண்டி காலம் எழுதி, முத்திரை வாங்க வேண்டும். "எல்லா தமிழ் சேனலும் வரும்" என்று சொல்கிறாரா? அதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது தெரிந்து விடும் சாயம்!

ஏமாந்து விட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்கு கட்டணம் கிடையாது. ரெண்டாயிரம் ரூபாய்க்கு யார் அலைவது என்று எல்லோரும் விட்டு விடுவதால்தான் மோசடிக்காரர்களுக்கு கொண்டாட்டம்.

அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும்?

உஷாராக இருக்க வேண்டியது மக்கள் மட்டும்தானா? எடையளவு அதிகாரிகள் காய்கறிக் கடை தராசைப் பார்ப்பது போல, எலக்ட்ரிக் கடை அட்டைகளையும் திருப்பிப் பார்க்க வேண்டும். சம்பள வாரத்தில் ஒரு சாயந்தரம் பஜாரில் நடந்தாலே போதும். மொட்டை அட்டை டப்பாக்கள் தன்னால் மறையும்.

என்னென்ன சேனல் வரும் என்று எழுதிய பட்டியலை ஒவ்வொரு கடையிலும் தமிழில் தொங்க விட வேண்டும். இதற்கு சட்டம் தேவை இல்லை. நேர்மை போதும். நேர்மையாகத் தொழில் செய்யும் கடைக்காரர்களே முன்வந்து செய்தால், அவர்கள் கடைக்குத்தான் கூட்டம் கூடும்.

பிரசார் பாரதிக்கும் ஒரு வார்த்தை. 1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னை டி.வி. நிலையம் தொடங்கிய காலத்தில், மாடியில் மீன் முள் மாதிரி ஆண்டெனா வைத்தால் படம் வந்தது. மாத கட்டணம் கிடையாது. அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பை தூர்தர்ஷன் 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்தி விட்டது. இன்றைக்கு ஏழை வீட்டுக்கு மாத கட்டணம் இல்லாத வழி இந்த ப்ரீ டிஷ்தான். அதில் தமிழுக்கு ஒரு மூலை போதாது. பணம் உள்ளவன் ஏலத்தில் ஜெயிக்கட்டும். ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வைத்து விட்டு ஏலம் போடுங்கள்.

அதுவரை, பஜாரில் "லைப் டைம் இலவசம்" என்ற குரல் கேட்டால், தொழிலாளி திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"எது இலவசம் அண்ணே, டப்பாவா, படமா?"

பதில் சொல்ல ஒரு நொடி தயங்கினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்!