கைதட்டல் யாருக்கு?

வாணிஸ்ரீ இரட்டை வேடமேற்ற ‘வாணி ராணி’ (1974), இந்தியில் வந்த ‘சீதா அவுர் கீதா’வின் (1972) தமிழ் வடிவம். உறவினர் வீட்டில் கொடுமைப்படும் ஒருத்தியின் இடத்திற்கு, வெளியே வளர்ந்த இரட்டைச் சகோதரி வந்து கணக்குத் தீர்க்கிறாள். தொலைக்காட்சியில் அக்காட்சி வரும்போது எங்கள் உடுமலைப்பேட்டைப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்துக் கைதட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதை வெறும் பழிவாங்கும் இன்பமென்று ஒதுக்கிவிடலாகாது. வீட்டுக்குள் வளர்ந்தவளே திருப்பி அடிப்பதாகச் சொல்லக் கதைக்குத் துணிவில்லை. அதே முகத்துடன் இன்னொருத்தி தேவைப்படுகிறாள். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யிலும் (1965) இதே ஏற்பாடுதான். ஆனால் அதில் சாட்டையெடுத்த எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானார்.

நம் பெண்களோ துணிந்தவளுக்குக் கைதட்டிவிட்டு, அடங்கியவளாகவே அடுக்களைக்குத் திரும்புகிறார்கள். அந்தக் கைதட்டல் ரசனையல்ல, முறையீடு.