கரும்புகை பலம் ஆகாது!

டீசல் எஞ்சினுக்கு இதயம் எது?

பம்ப்! டீசலை அளந்து, நேரம் பார்த்து, எஞ்சினுக்கு ஊட்டும் பம்ப்தான் அதன் இதயம்.

அந்த இதயம் படும் பாடு கொஞ்சமல்ல. "டிராக்டர் இழுக்கவில்லையா? பம்பில் டீசலைக் கூட்டு!" "வண்டி மேடு ஏறவில்லையா? பம்பில் ஸ்குரூவைத் திருகு!" இந்த யோசனை டீக்கடையிலும் கிடைக்கும், பட்டறையிலும் கிடைக்கும். யோசனை இலவசம். பின்னால் வரும் செலவு இலவசம் அல்ல!

கூடுதல் பலம் வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? இல்லை. ஆனால் பலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு ஆசைப்பட வேண்டும்.

ஒரு பம்ப், நாலு வாய்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி போட பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. பிறகு எப்படித் தீப்பற்றுகிறது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது அல்லவா? காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும். டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்று மிகக் கடுமையாக நெருக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது.

அந்த டீசலை அனுப்பும் பம்பில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர் இருக்கும். அவை வரிசையாக நிற்கும். இன்னொன்று ரோட்டரி பம்ப். இதில் சுழலும் தலை ஒன்றே ஒன்று. அதுவே முறைவைத்து எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசல் அனுப்பும். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, தாய் ஒரே சட்டியிலிருந்து உருட்டி உருட்டி ஒவ்வொரு கையிலும் சோறு வைப்பதுபோல!

நாலு சிலிண்டர் டிராக்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிமிடத்தில் ரோட்டரி பம்ப் 3000 தடவை டீசல் அனுப்புகிறது. ஒவ்வொரு தடவையும் போவது சில சொட்டுக்கு மேல் இல்லை. அந்தச் சொட்டுகளில் ஏற்றத்தாழ்வு வரக்கூடாது. எவ்வளவு நுட்பமான வேலை!

ஸ்குரூ என்ன செய்கிறது?

முழு பாரத்தில் எவ்வளவு டீசல் போகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கம்பெனி அதைச் சோதித்துப் பார்த்து, பம்பில் அமைத்து அனுப்புகிறது. சில பம்புகளில் அந்த ஸ்குரூ வெளியே தெரியும். சிலவற்றில் மூடிக்குள் இருக்கும்.

அதைத் திருகினால் டீசல் கூடும். கொஞ்ச தூரம் பலமும் கூடும். இதில் பொய் இல்லை. அந்தக் கொஞ்ச பலத்தைக் கண்டு மயங்கித்தான் மேலும் மேலும் திருகுகிறார்கள்.

ஆனால் டீசல் மட்டும் எரிந்துவிடுமா? ஒரு கிலோ டீசல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14½ கிலோ காற்று வேண்டும். டீசலைக் கூட்ட ஸ்குரூ இருக்கிறது. காற்றைக் கூட்ட அந்த ஸ்குரூவால் முடியாது!

விறகு அடுப்பு எரித்தவர்களுக்கு இது புதிதல்ல. அடுப்பு வாயை அடைத்து விறகைத் திணித்தால் என்ன ஆகும்? தீ வளராது, புகைதான் வளரும். எஞ்சினிலும் அதே கதைதான். புகைக்குழாயில் கரும்புகை வந்தால், "ஆகா, வண்டிக்கு வேகம் வந்துவிட்டது" என்று சிலர் மகிழ்கிறார்கள். அது வேகம் அல்ல. காசு கொடுத்து வாங்கிய டீசல், எரியாமல் கரியாகப் போகிறது!

அதோடு நிற்பதில்லை. சூடு ஏறுகிறது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடும். சூடு எல்லை மீறினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். சில ரோட்டரி பம்புகளில் இந்த ஸ்குரூவை அளவுக்கு மேல் திருகினால், எஞ்சின் கிளம்பியதுமே வேகம் கட்டுக்கு அடங்காமல் எகிறும். பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்கர்கள் கற்ற பாடம்

இந்த ஆசை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவிலும் உண்டு.

அங்கே 1989 மாடலாக டாட்ஜ் பிக்கப் வண்டி ஒன்று வந்தது. அதில் ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். அளவு 5.9 லிட்டர். பலம் 160 குதிரைசக்தி. டீசல் ஊட்டியது பாஷ் ரோட்டரி பம்ப். எஞ்சின் உறுதியானது என்று பெயர் வாங்கியது. உடனே பலருக்கு ஆசை பிறந்தது. ஸ்குரூவைத் திருகினார்கள். கவர்னரில் கடினமான ஸ்பிரிங் போட்டார்கள். பம்பின் 12 மில்லிமீட்டர் தலையைக் கழற்றிவிட்டு 14 மில்லிமீட்டர் தலையே மாட்டினார்கள்.

பலம் கிடைத்ததா? கிடைத்தது. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் ஸ்குரூவைத் தொடுவதற்கு முன்பு என்ன செய்தார்கள்? புகைக்குழாயின் சூட்டைக் காட்டும் மீட்டரை மாட்டினார்கள். கூடுதல் காற்றுக்குப் பெரிய டர்போ வைத்தார்கள். காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர் வைத்தார்கள். கூடுதல் இழுப்பைத் தாங்க கிளட்சையும் மாற்றினார்கள். அதாவது, ஒரு ஸ்குரூ திருக ஒன்பது வேலை!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1991-ம் ஆண்டு நடுவில் அந்த வண்டியில் கம்பெனியே இன்டர்கூலர் வைத்தது. குளிர்ந்த காற்று கூடுதலாகக் கிடைத்தது. அப்போதும் பலம் எவ்வளவு? அதே 160 குதிரைசக்தி! எஞ்சினைச் செய்தவர்களே அவ்வளவு நிதானம் காட்டினார்கள். கையில் ஒரு ஸ்குரூடிரைவர் இருப்பவருக்கு அவசரம் ஏன்?

போன பலம் எங்கே?

"புது டிராக்டர் வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். ஸ்குரூ திருகக் காசே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கஷ்டம் நியாயமானது. ஆனால் கணக்கு தப்பு.

முன்பு நன்றாக இழுத்த வண்டி இப்போது இழுக்கவில்லை என்றால், அதற்குப் புதுப் பலம் தேவையில்லை. இருந்த பலம் எங்கே போயிற்று என்றுதான் தேட வேண்டும். ஏர் பில்டரில் தூசி அடைத்திருக்கலாம். டீசல் பில்டர் அடைத்திருக்கலாம். நாசில் தேய்ந்து, டீசல் தூறலாக விழாமல் தாரையாக விழலாம். டீசல் பீச்சும் நேரம் தவறியிருக்கலாம். வால்வு இடைவெளி மாறியிருக்கலாம். பிரேக் பிடித்தபடியே இருக்கலாம். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, எஞ்சினைப் பிரித்துப்போடும் செலவில் சிறு பங்குதான்.

பெரும்பாலான ரோட்டரி பம்புகளுக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு ஆயில். டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் பம்ப் தேய்ந்துபோகும். தேய்ந்த பம்பை எவ்வளவு திருகினாலும் பழைய பலம் வராது. தினமும் பில்டரைக் கவனிப்பவர் பம்ப் பட்டறைக்குப் போகும் நாள் குறைவு.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உடல்நலமும் இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. வயலில் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? ஓட்டுகிறவர்தான்! வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பினால், பிள்ளைகளும்தான்.

சீட்டு கேளுங்கள்!

பம்பைத் தொடவே கூடாதா? தொடலாம். ஆனால் வண்டியில் வைத்துக் காதால் கேட்டுத் திருகக்கூடாது. கழற்றி, சோதனை மேஜையில் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் எத்தனை மில்லி டீசல் விழுகிறது என்று அளந்து அமைக்க வேண்டும். வேலைக்கு முன்பு எத்தனை, பின்பு எத்தனை என்று சீட்டு எழுதிக் கேட்க வேண்டும். கேட்பது உரிமையாளரின் உரிமை. எழுதித் தராத பட்டறையில் பம்பைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

கடன் வாங்கிய டிராக்டர் உழவுக் காலத்தில் நின்றுவிட்டால், நிற்பது டிராக்டர் மட்டும் அல்ல. தவணையும் நிற்கும், வீட்டில் அடுப்பும் நிற்கும். கால் சுற்றுத் திருகலுக்கு அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டுமா?

முதலில் காற்று. பிறகு டீசல். அதுவும் அளந்த பிறகு!