ஹை பிரஸ் நம் வெயிலுக்கு ஆகாதா?

சேலம், நாமக்கல் பக்கம் கால்பந்து பேசுகிற இடமெல்லாம் ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது: எதிரணியின் கோல் பக்கமே ஏறிப்போய்ப் பந்தைப் பறிக்கும் ‘ஹை பிரஸ்’ ஐரோப்பியக் குளிருக்குச் சரி, நம் வெயிலுக்கு ஆகாது. அதை நம்பி, பின்வாங்கி நிற்கவும் நீளமாக அடித்துவிட்டு ஓடவுமே பிள்ளைகளைப் பழக்குகிறோம். இந்தத் தீர்ப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒன்றுகூட நிற்காது.

‘வெயிலில் 90 நிமிடம் துரத்த முடியாது’

துரத்தவே வேண்டியதில்லை. பிரஸ்ஸிங் என்பது சமயம் பார்த்துப் பாய்வது. எதிரணி பேக் பந்தைக் கோட்டோரம் வாங்குகிறார், அல்லது பந்து காலில் நிற்காமல் எகிறுகிறது, அல்லது கோல்கீப்பருக்கே திரும்பிப் போகிறது. இந்த மூன்றில் ஒன்று நடந்தால் பாய வேண்டும்; மற்ற நேரம் இடம் காத்து நிற்க வேண்டும். 1980களின் இறுதியில் ஏசி மிலானைப் பயிற்றுவித்த அரிகோ சாக்கி, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே 25 மீட்டர்தான் இருக்கலாம் என்று வலியுறுத்தினார். அப்படி நெருங்கி நிற்கும் அணியில் ஒவ்வொருவரின் ஓட்டமும் குறுகியது. பின்வாங்கி நிற்கும் அணிதான் பந்து கிடைத்ததும் 60 மீட்டர் ஓடியாக வேண்டும்.

அதே சாக்கியின் இத்தாலி 1994 உலகக் கோப்பையில் அமெரிக்க வெயிலில் திணறியது உண்மை. அதற்காகப் பிரஸ்ஸை விட்டுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாதியின் முதல் 15 நிமிடம், எதிரணி கோல் கிக் எடுக்கும் நேரம் என்று அளந்து செலவழித்தால் போதும்.

‘பெரிய உடம்பு வேண்டும்’

2002 உலகக் கோப்பையில், ஜூன் மாதப் புழுக்கத்தில், ஹிடிங்க் பயிற்றுவித்த தென்கொரியா ஓயாமல் அழுத்தி இத்தாலியையும் ஸ்பெயினையும் வெளியேற்றி நான்காம் இடம் பிடித்தது. அங்கே வேலை செய்தது உயரமல்ல. பல மாத உடல்தகுதிப் பயிற்சியும் ஒழுங்கும்தான்.

‘பின்னால் வெட்டவெளியாகிவிடும்’

கேட்கத் தகுந்த ஒரே ஆட்சேபம் இதுதான். 4-3-3 அணி ஒன்றைக் கவனியுங்கள். எதிரணி ரைட் பேக்கிடம் பந்து போகிறது. நம் லெஃப்ட் விங் நேராகப் பாய்வதில்லை. வளைந்து ஓடி, ஸ்டாப்பருக்குப் பந்து திரும்பும் வழியை மறைக்கிறார். சென்டர் ஃபார்வர்டு கோல்கீப்பர் பக்கம் நகர்கிறார். நடுக்கள வீரர் ஒருவர் எதிரணியின் நடுக்களக்காரரை ஒட்டிக்கொள்கிறார். ரைட் விங் உள்ளே சுருங்குகிறார். பந்து வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது கோட்டோரக் கண்மூடி அடி மட்டுமே. அதை எடுக்கத்தான் நம் பேக்குகள் நடுக்கோடு வரை ஏறி நிற்கிறார்கள், கோல்கீப்பர் பெட்டியைத் தாண்டி நிற்கிறார். பந்துக்காரர் தலை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்துவிட்டால் மட்டும் வரிசை முழுதும் உடனே இறங்க வேண்டும். ஆக, வெட்டவெளி உண்டாவது ஒருவர் மட்டும் பாய்ந்து மற்றவர்கள் நின்றுவிடும்போதுதான். அது பயிற்சிக் குறை, முறையின் குறையல்ல.

‘மேடுபள்ள மைதானத்தில் நடக்காது’

மேடுபள்ளத்தில் சிரமப்படுபவர் பந்தை வைத்திருப்பவரே. முதல் தொடுதல் தவறும் மண்ணில் பறிக்கிறவனுக்கே வாய்ப்பு அதிகம்.

‘பழக வருடக்கணக்காகும்’

2019 டிசம்பரில் அட்டவணையின் அடிப்பக்கம் கிடந்த சென்னையின் எஃப்சியின் பயிற்சிப் பொறுப்பை ஓவன் காயில் ஏற்றார். அதே வீரர்கள் மேலே ஏறி அழுத்தி ஆடத் தொடங்கினார்கள். 2020 மார்ச்சில் ஐஎஸ்எல் இறுதிப்போட்டி ஆடினார்கள். இடையில் கடந்தது சில மாதங்கள்தான்.

பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எப்போது பாய்வது, எப்போது நிற்பது என்பதை இன்றே சொல்லிக்கொடுக்கலாம். அதற்குப் புல்தரையோ பணமோ தேவையில்லை. பந்துகூட இல்லாமல் நடந்து பழக்கலாம், சாக்கி அப்படித்தான் பழக்கினார். பயிற்சியாளர்கள் வெயிலைக் காரணம் காட்டுவதை நிறுத்தினால், நம் பிள்ளைகள் பயந்து பின்வாங்காமல் யோசித்து முன்னேறும் கால்பந்தைக் கற்றுக்கொள்வார்கள்.