வீதி ஒன்றுதான், ஓட்டம் வேறு



எமது வீடுகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய அறைச் சுவரை ஒருமுறை பாருங்கள். நடிகருக்கும் உதைபந்தாட்ட வீரருக்கும் நடுவே பந்தயக் கார் ஒன்றும் ஒட்டியிருக்கும். சக்கரங்கள் நான்கும் வெளியே தெரிய, ஒரே ஒரு ஆள் மட்டும் படுத்த மாதிரி இருந்து ஓட்டுகிற கார். "இதென்ன கார் தம்பி?" என்று கேட்டால் பிள்ளை ஒரே மூச்சில் பத்து விளக்கம் சொல்லும். எமக்கு ஒன்றும் விளங்காது. தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அதே பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடத்தில் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைக்கும். எமது காரின் திறப்பும் கைக்குப் போகும். அந்த நேரத்தில் கதைக்கத் தொடங்குவதைவிட இப்போதே அவன் விரும்புகிற விளையாட்டைப் பற்றி நாமும் கொஞ்சம் அறிந்து வைத்தால் நல்லது. ஆகவே இம்முறை இந்தப் பக்கத்தில் இளையோரின் காரோட்டப் பந்தயம் ஒன்றைப் பார்ப்போம். அதுவும் வீதியிலே நடக்கிற பந்தயம்.

ஏணிப் படிகள்

தொலைக்காட்சியில் காட்டுகிற போர்முலா 1 பந்தயம் ஏணியின் உச்சிப் படி. அதற்குக் கீழே பல படிகள் உண்டு. சிறுவர்கள் ஏழெட்டு வயதில் 'கார்ட்' எனப்படும் சின்ன வண்டியில் ஓடப் பழகுகிறார்கள். பதினைந்து வயதானால் போர்முலா 4. பிறகு போர்முலா ரீஜனல், போர்முலா 3, போர்முலா 2. ஆயிரக்கணக்கானோர் கீழே ஏறத் தொடங்கினாலும் உச்சியில் இருபது பேர் அளவுக்குத்தான் இடம்.

வீதியை மறித்துப் பந்தயம் விடுவது எமக்குப் புதிதல்ல. நுவரெலியாவில் சித்திரைப் பருவகாலத்தில் நடக்கும் மோட்டார்ப் பந்தயத்தை எம்மவர் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் உலகத்தின் இளம் ஓட்டுநர்களுக்கெல்லாம் பரீட்சை மண்டபம் போல இருப்பது மக்காவோ என்கிற சின்ன ஊர். சீனாவின் தென்கரையில், ஹொங்கொங்குக்குக் கிட்ட இருக்கிறது. 1999ஆம் ஆண்டு டிசெம்பர் வரை போர்த்துக்கேயரின் நிர்வாகத்தில் இருந்து, பிறகு சீனாவிடம் கையளிக்கப்பட்டது. அங்கே 1954இல் ஒரு சில கார்ப் பிரியர்கள் தொடங்கிய பந்தயம், 1983இல் போர்முலா 3 கார்களுக்கான பந்தயமாக மாறியது. அந்த முதல் வருடம் வென்றவர் பிரேசில் நாட்டு இளைஞர் அயர்ட்டன் சென்னா. பின்னாளில் மூன்று முறை உலகச் சம்பியன் ஆனவர். 2024 முதல் அங்கே போர்முலா ரீஜனல் கார்கள் ஓடுகின்றன.

நான்கு நாட் கதை

பந்தயம் நவம்பர் மாதத்தில், வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். சுற்றின் நீளம் 6 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கடற்கரைப் பக்கம் அகலமான நேர்வீதி. அங்கே கார்கள் மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும். அந்த வேகத்தில் வந்து, லிஸ்போவா ஹொட்டேலுக்கு அருகே சட்டென்று வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதன் பிறகு வீதி குன்றில் ஏறி, வீடுகளுக்கும் மதில்களுக்கும் இடையே வளைந்து வளைந்து போகும். மெல்கோ என்கிற கொண்டை ஊசி வளைவில் வீதியின் அகலம் 7 மீற்றர் அளவுதான். அந்த இடத்தில் ஒரு கார் குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் வருகிற எல்லாக் கார்களும் வரிசையில் நிற்க வேண்டியதுதான், கொழும்புச் சந்தியில் பஸ் பழுதானது போல.

வழக்கமான பந்தயத் திடல்களில் ஓட்டுநர் பிழை விட்டால் கார் புல்லிலோ சரளைக் கல்லிலோ போய் நிற்கும். திரும்பி வந்து ஓடலாம். மக்காவோவில் வீதியின் ஓரமே இரும்புத் தடுப்பு. ஒரு சாண் விலகினால் சக்கரம் போய்விடும்.

இதனால்தான் அங்கே வேகமாக ஓடுகிறவன் வியாழக்கிழமையே வேகமாக ஓடுவதில்லை. முதல் நாள் பயிற்சியில் வீதியைப் படிக்கிறார்கள். எந்த இடத்தில் தார் ஏற்ற இறக்கமாக இருக்கிறது, எந்த மூலையில் வெயில் படாமல் ரயர் வழுக்கும், எந்த மதிலுக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்று ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். முதல் பயிற்சியிலேயே காரை மதிலில் அடித்தவன் மற்றவர்கள் பழகுகிற நேரத்தில் கராச்சில் இருந்து காரைத் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இழந்த சுற்றுகளை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

வியாழனும் வெள்ளியும் நேரம் எடுத்து வரிசை தீர்மானிப்பார்கள். சனிக்கிழமை 10 சுற்றுத் தகுதிப் பந்தயம். அதில் வந்த இடத்தைப் பொறுத்து ஞாயிற்றுக்கிழமை இறுதிப் பந்தயத்துக்குப் புறப்படும் இடம். அது 15 சுற்று. ஆகவே ஒரு நாள் கெட்டிக்காரனாக இருந்தால் போதாது. நான்கு நாளும் நிதானம் வேண்டும். மாலையானதும் அதே வீதிகளைப் பொது வாகனங்களுக்குத் திறந்து விடுகிறார்கள். காலையில் பந்தயக் கார் பறந்த இடத்தில் இரவு பஸ் வண்டி ஊர்ந்து போகும்.

கடைசிச் சுற்று

நிதானம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு 1990ஆம் ஆண்டுப் பந்தயத்தை இன்றும் சொல்வார்கள். அப்போது இரண்டு பகுதிகளாக ஓடி, நேரங்களைக் கூட்டி வெற்றியைத் தீர்மானித்தார்கள். முதற் பகுதியை வென்றவர் பின்லாந்தின் மிக்கா ஹக்கினன். இரண்டாம் பகுதியில் ஜேர்மனியின் மைக்கல் சூமாக்கர் முன்னே ஓடினார். ஹக்கினன் அவருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் போதும், மொத்த நேரக் கணக்கில் வெற்றி அவருக்கே. ஆனால் கடைசிச் சுற்றில் முந்திப் பார்க்க நினைத்தார். முன்னால் போன காரின் பின்புறத்தில் மோதினார். அவருடைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. பின் இறக்கை முறிந்த காருடன் சூமாக்கர் கோட்டைத் தாண்டி வென்றார். 2017இலும் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் முன்னால் ஓடிய இருவர் போட்டி போட்டுத் தடுப்பில் மோத, மூன்றாவதாக வந்த டான் டிக்ரம் வென்றார்.

தோற்றவர்கள் எல்லாம் அழிந்து போகவுமில்லை. ஹக்கினன் பின்னர் இரு முறை உலகச் சம்பியன் ஆனார். லூயிஸ் ஹமில்ரன் 2003இலும் 2004இலும் மக்காவோவில் ஓடி, வெல்லாமலே திரும்பினார். 2008இல் முதல் முறையாக உலகச் சம்பியன் ஆனார். அவருடைய தந்தை வழிப் பேரன் கரிபியத் தீவான கிரெனடாவிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்து குடியேறியவர். மகனின் கார்ட் ஓட்டத்துக்குக் காசு சேர்க்கத் தகப்பன் ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்தார். சூமாக்கரின் தகப்பன் கட்டடத் தொழிலாளி. கேர்ப்பன் என்ற ஊரில் இருந்த கார்ட் திடலையும் பார்த்துக்கொண்டார். தாய் அங்கே சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்தார். இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடுகிற எம்மவருக்கு இந்தக் கதைகள் விளங்கும். அதே நேரம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்ட்டிலிருந்து போர்முலா 4 க்கு ஏறினால் ஒரு பருவத்துச் செலவே சாதாரணக் குடும்பத்தின் பல வருட வருமானத்தை விழுங்கிவிடும். கெட்டித்தனம் இருந்தும் காசில்லாமல் நின்றுபோனவர்களே அதிகம்.

எமது மொழி பேசுகிறவர்களும் இந்த ஏணியில் ஏறியிருக்கிறார்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2000ஆம் ஆண்டில் தென்கொரியாவின் சாங்வொன் நகர வீதிச் சுற்றில் நடந்த போர்முலா 3 பந்தயத்தை வென்றார். 2005இல் போர்முலா 1 வரை போனார்.

ஒரு வீதியைப் பந்தய வீதியாக்குவது

2018 நவம்பர் 18. மக்காவோ இறுதிப் பந்தயம். ஜேர்மனியைச் சேர்ந்த 17 வயதுப் பெண் சோபியா புளோர்ஷ், மணிக்கு ஏறத்தாழ 276 கிலோமீற்றர் வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்தார். லிஸ்போவா வளைவில் அவருடைய கார் இன்னொரு காரின் மேலாகப் பறந்து, வேலியைக் கடந்து, படம் எடுப்பவர்கள் நின்ற கட்டடத்தில் மோதியது. முதுகெலும்பு முறிந்தது. வேறு சிலரும் காயப்பட்டார்கள். ஆனால் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். பல மணி நேரச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சோபியா குணமடைந்து, அடுத்த வருடமே மக்காவோவுக்குத் திரும்பி வந்து ஓடினார்.

அவர் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் மட்டுமல்ல. கரிநார் கொண்டு செய்த கூடு போன்ற கார், உடலை இருக்கையோடு இறுக்கிக் கட்டும் வார்கள், தலைக்கவசம், கழுத்தைக் காக்கும் சாதனம் எல்லாம் இருந்தன. விபத்து நடந்த உடனேயே சிவப்புக் கொடி காட்டி எல்லாக் கார்களையும் நிறுத்தினார்கள். வைத்தியர்கள் தயாராக நின்றார்கள்.

கொடிகளையும் கொஞ்சம் அறிந்து கொள்வோம். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் பந்தயம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டது முடிவுக் கொடி. எவ்வளவு பெரிய வீரனானாலும் கொடிக்குப் பணிய வேண்டும். பணியாவிட்டால் தண்டனை.

சென்னையிலும் 2024 ஆகஸ்ட் 31, செப்டெம்பர் 1 ஆம் திகதிகளில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள வீதிகளில் போர்முலா 4 பந்தயம் இரவில் நடந்தது. சுற்று 3.5 கிலோமீற்றர் அளவு. 2023 டிசெம்பரில் நடக்க இருந்தது, புயல் வெள்ளத்தால் தள்ளிப் போனது. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைத்த பிறகே கார்கள் ஓடலாம் என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. முதல் நாள் சான்றிதழ் பிந்தியது, நிகழ்ச்சியும் பிந்தியது. கூட்டம் காத்திருந்தது.

எமது வீட்டு வாசலில் உள்ள வீதி

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? எம் இளைஞர்கள் சிலர் நள்ளிரவில், நண்பர்களை ஏற்றிக்கொண்டு, பெருந்தெருவில் பந்தயம் ஓடிப் பார்க்கிறார்கள். "வீதியில் பந்தயம் விடுகிறார்கள்தானே, நான் ஓடினால் என்ன?" என்பது அவர்கள் நியாயம். மக்காவோவும் வீதிதான். ஆனால் அங்கே எதிரே கார் வராது. தடியூன்றி வீதியைக் கடக்கும் முதியவர் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிற பிள்ளை இல்லை. கொடி உண்டு, வைத்தியர் உண்டு. அத்தனையும் இருந்தும் எலும்பு முறிகிறது. ஒன்றுமே இல்லாத வீதியில் என்ன நடக்கும்?

சட்டமும் விளையாடாது. ஜேர்மனியில் 2017 ஒக்டோபர் முதல் பொது வீதியில் அனுமதியின்றிப் பந்தயம் ஓடுவது குற்றவியல் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. அதனால் உயிர் போனால் பத்து வருடம் வரை. காரையும் பறிமுதல் செய்யலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2021இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. பிடிபட்ட இடத்திலேயே அனுமதிப்பத்திரம் 30 நாட்களுக்கும் வாகனம் 14 நாட்களுக்கும் போய்விடும். வாகனம் தகப்பனுடையது என்றாலும் விடமாட்டார்கள். அதிகாலை வேலைக்குப் போக அந்த ஒரு காரையே நம்பியிருக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள்.

வெறுமனே ஏசினால் பிள்ளை எமக்குத் தெரியாமல் ஓடும். அதைவிட வேறு வழிகள் உண்டு. எமது நகருக்குக் கிட்ட வாடகைக்கு வண்டி தரும் கார்ட் திடல் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அரை மணித்தியாலம் ஓடினால் கைநோவும் வியர்வையும் பாதி ஆசைக்குப் பதில் சொல்லும். மீதி ஆசை நிலைத்தால் மோட்டார் விளையாட்டுக் கழகங்களில் கொடி காட்டும் தொண்டர்களாகச் சேரலாம். பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை, ஆனால் பயிற்சி கொடுப்பார்கள். பந்தயத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காரைத் திருத்தும் தொழிலும், பொறியியல் படிப்பும் இதே விளையாட்டுக்குள் போகிற வாசல்கள்தான்.

அடுத்த முறை மக்காவோப் பந்தயத்தைக் காட்டும்போது பிள்ளையோடு நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். மஞ்சள் கொடி எழும்பியதும் அத்தனை வேகக்காரரும் முந்துவதை விட்டுவிட்டு வரிசையில் போவார்கள். "ஏன் தம்பி இவங்கள் இப்ப முந்தேல்லை?" என்று கேளுங்கள். பதிலை அவன் வாயாலேயே சொல்லட்டும். காரின் திறப்பைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பதிலை நாம் ஒருமுறை கேட்டு வைப்பது நல்லது.