அலிகேட்ஸ் நமக்கு யார்?

பாப் மார்லி சட்டை போட்டுக்கொண்டு இலக்கியக் கூட்டத்துக்கு வரும் நண்பர்களிடம் அலிகேட்ஸ் பற்றிப் பேச்செடுத்தால், “அது மலாய்ப் பாட்டு, நமக்கென்ன?” என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜமைக்காவின் மெலோடியன்ஸ் 1970இல் பைபிள் சங்கீதத்தை ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ ஆக்கினார்கள். அடிமைகளின் வாரிசுகள் எஜமானின் வேதத்தை எடுத்துப் பாடியதை எதிர்ப்புக்குரல் என்று கொண்டாடுகிறோம். பினாங்கிலிருந்து கிளம்பிய டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் எம். நாசிரின் பாட்டைச் சேர்ந்து பாடினால் மட்டும் அந்நியமா? மலாய் நமக்கு எஜமானின் மொழிகூட இல்லையே, பக்கத்து வீட்டு மொழிதானே!

சுங்கை பாலாஸில் கொழுந்தெடுத்த என் பாட்டிக்கு மலாய் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். ஆனால் ரேடியோவில் லோகா பாடினால், “நம்ம புள்ள பாடுது, சத்தமா வைடா” என்பார். 2007இல் லோகா இறந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

தமிழில் நிறைய பாடியிருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. அதை ‘தமிழிசை’ என்று சொல்லச் சொல்லவில்லை. மலேசியத் தமிழன் கதையில் அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்கிறேன். பாட்டி எப்போதோ ஒதுக்கிவிட்டார். படித்த நாம்தான் பாக்கி.